மூன்றாவது பெயரும் கடைசிப் பெயரும்



ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம் நெருங்குகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி அருந்தும் வேளையில் நம் வாலிபர்களிடையே ஒரே பேச்சுதான்: சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி இந்த டிராஃப்டில் யாரைத் தெரிந்தெடுக்கும்? பெயரில் சான் பிரான்சிஸ்கோ இருந்தாலும், 2014 முதல் அந்த அணி விளையாடுவது நமது சாண்டா கிளாராவில்தான். ஆகவே இது நமக்கு ஊர்ப்பேச்சு. உங்கள் போதகரும் அந்தப் பேச்சிலிருந்து ஒதுங்கி நிற்பவர் அல்லர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அங்கே தவறாமல் வந்துவிடும் பெயர்கள் இரண்டு. 2021ஆம் ஆண்டு டிராஃப்டில் மூன்றாவது பெயராக அழைக்கப்பட்டவர் ட்ரே லான்ஸ். 2022ஆம் ஆண்டு டிராஃப்டில் 262ஆவதாக, அதாவது கடைசிப் பெயராக, அழைக்கப்பட்டவர் ப்ராக் பர்டி. முன்னவரை "பஸ்ட்" என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறோம். வீணாய்ப் போன தேர்வு என்பது அதன் பொருள். பின்னவரை ஈசாயின் கடைக்குட்டி மகனாகிய தாவீதோடு ஒப்பிட்டு மகிழ்கிறோம். இவ்விரு தீர்ப்புகளுமே எனக்கு உடன்பாடானவை அல்ல. காரணத்தை நின்றபடியே காப்பிக் கோப்பையோடு சொல்லி முடிக்க இயலாததால் இங்கே எழுதுகிறேன்.

கிரிக்கெட்டை மட்டுமே அறிந்த நம் மூத்தோருக்காகச் சிறு விளக்கம். ஐபிஎல் ஏலத்தில் பணம் பேசுகிறது. அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்டில் பேசுவது வரிசை. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்குக் கல்லூரி வீரர்களில் முதல் ஆளைத் தெரிந்தெடுக்கும் உரிமை. கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி இடம். அணிகள் 32, சுற்றுகள் ஏழு, நாட்கள் மூன்று. ஏறத்தாழ 260 வாலிபர்களின் பெயர்கள் அழைக்கப்படுகின்றன. அழைக்கப்படும் வாலிபருக்குத் தமக்குரிய அணியையோ ஊரையோ தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை. இதில் இன்னொரு விதி உண்டு. தேர்வுரிமையை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். இந்த ஆண்டுக்குரியதை மட்டுமல்ல, இனி வரும் ஆண்டுகளுக்குரியதையும். இன்னும் விளையாத நெல்லை இன்றைக்கே அடகு வைப்பது போன்றது அது. நம் கதை அந்த விதியிலிருந்துதான் தொடங்குகிறது.

2021ஆம் ஆண்டு நைனர்ஸ் அணிக்கு முறைப்படி கிடைத்தது 12ஆவது இடம். பொது மேலாளர் ஜான் லிஞ்சும் பயிற்சியாளர் கைல் ஷனஹானும் அதில் நிறைவடையவில்லை. ஒரு நல்ல குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், அவர்களுக்கு வேண்டியிருந்தது. மார்ச் 26ஆம் நாள் மயாமி அணியோடு ஒரு மாற்றம் செய்தார்கள். மூன்றாவது இடத்தைப் பெற்றுக்கொண்டு, தங்கள் 12ஆவது இடத்தையும், 2022ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தேர்வையும், 2023ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தேர்வையும், அவற்றோடு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தார்கள். ஒரு வாலிபருக்காக மூன்று ஆண்டுகளின் முதற்பலன்.

அந்த வாலிபர் ட்ரே லான்ஸ். அப்போது அவருக்கு வயது 20. மின்னசோட்டா மாநிலத்தின் மார்ஷல் என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர். ஆடியது வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக. கல்லூரிக் கால்பந்தின் மேல்நிலைப் பிரிவில் இல்லாத அணி அது. 2019ஆம் ஆண்டு அவர் எறிந்த பந்துகளில் 28 டச் டவுன்கள் ஆயின. எதிரணியினர் கையில் சிக்கியது ஒன்றுகூட இல்லை. வியக்கத்தக்க பருவம் அது. ஆனால் அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது. 2020இல் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். ஆகவே லிஞ்சும் ஷனஹானும் தீர்மானம் எடுக்கும்போது அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு முழுப் பருவத்தின் சாட்சி.

இங்கே என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். லான்ஸைத் தெரிந்தெடுத்தது குற்றம் அன்று. அவருடைய கை வலிமையும் கால் வேகமும் உண்மையானவை. குற்றம், கொடுத்த விலையில் இருந்தது. எந்த மனிதக் கண்ணும் அவ்வளவு நிச்சயத்தோடு பார்க்கக்கூடிய காரியம் அன்று டிராஃப்ட். இதை மற்ற எவரையும்விட நன்றாய் அறிந்திருக்கவேண்டியது இதே நைனர்ஸ் அணிதான்.

நான்கு முறை சூப்பர் பவுல் வென்று தந்த ஜோ மொன்டானாவை அவர்கள் 1979இல் மூன்றாம் சுற்றில் 82ஆவது பெயராகப் பெற்றார்கள். முதல் இரண்டு சுற்றுகளிலும் எல்லா அணிகளும் அவரைக் கடந்துபோயிருந்தன. 2000ஆம் ஆண்டு நடந்தது அதன் மறுபக்கம். நம் பக்கத்து ஊரான சான் மட்டேயோவில் பிறந்து, சிறுவயதில் இதே அணியின் ரசிகராய் வளர்ந்த டாம் பிரேடி அந்த டிராஃப்டில் இருந்தார். நைனர்ஸ் மூன்றாம் சுற்றில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. ஆனால் அவரை அன்று, ஜியோவானி கார்மாஸியை. கார்மாஸி இந்த லீக்கின் வழக்கமான பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. பிரேடி ஆறாம் சுற்றில் 199ஆவதாக நியூ இங்கிலாந்துக்குப் போய் ஏழு சூப்பர் பவுல் வென்றார். சாண்டா கிளாராவிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருந்த பிள்ளையை நாட்டின் மறுகரையில் உள்ளவர்கள் கண்டெடுத்தார்கள்.

"அது பழைய நிர்வாகம்" என்று நீங்கள் சொல்லலாம். லிஞ்சின் முதல் டிராஃப்டையே எடுத்துக்கொள்வோம். 2017இல் அவர் மூன்றாவது இடத்தில் எடுத்தவர் சாலமன் தாமஸ். கான்சஸ் சிட்டி பத்தாவது இடத்தில் எடுத்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். அவ்வளவில் நிறுத்தினால் லிஞ்சுக்கு அநியாயம் செய்தவனாவேன். அதே டிராஃப்டில், ஐந்தாம் சுற்றில், 146ஆவது பெயராக அவர் ஜார்ஜ் கிட்டிலைத் தெரிந்தெடுத்தார். இன்றுவரை அணியின் தூண்களில் ஒருவர். மறுவருடம் மூன்றாம் சுற்றில் 70ஆவது பெயராக ஃப்ரெட் வார்னர் வந்தார். இந்தத் தலைமுறையின் தலைசிறந்த லைன்பேக்கர் அவரே என்பது என் துணிபு. மூன்றாவது இடத்தில் பிழைத்த கண்கள் 146ஆவது இடத்தில் பொன்னைக் கண்டன. அப்படியிருக்க, எந்தப் பெயர் பொன் என்பது முன்கூட்டியே தெரியாதபோது செய்யத்தக்கது என்ன? அதிகப் பெயர்களைத் தெரிந்தெடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்வதே. விதைநெல் முழுவதையும் ஒரே குழியில் கொட்டும் உழவன் இல்லை.

2019இல் இரண்டாவது இடத்தில் எடுத்த நிக் போசாவை எனக்கு எதிர்வாதமாகச் சிலர் காட்டுவார்கள். போசா சிறந்த தேர்வுதான். ஆனால் அந்த இடம் விலைக்கு வாங்கியது அன்று. முந்தைய பருவத்தின் தோல்விகளால் தானாய் வந்தது. அவர் பொய்த்துப் போயிருந்தாலும் அடுத்த இரண்டு ஆண்டுகள் அடகில் இருந்திருக்கமாட்டா.

கொடுத்த தேர்வுகள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று பின்தொடர்ந்து பார்த்தால், ரசிகனுக்கு வயிற்றெரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வரும். 12ஆவது இடம் மயாமியிடமிருந்து பிலடெல்பியாவுக்கும், அங்கிருந்து டாலஸுக்கும் போயிற்று. டாலஸ் அதில் எடுத்தது மைக்கா பார்சன்ஸை. அந்த ஆண்டின் சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் என்ற விருது அவருக்கே. 2022க்குரிய தேர்வை மயாமி, டைரீக் ஹில்லைப் பெறுவதற்காகக் கான்சஸ் சிட்டிக்குக் கொடுத்தது. கான்சஸ் சிட்டி அதை வைத்து மேலே ஏறி 21ஆவது இடத்தில் ட்ரெண்ட் மக்டஃபியை எடுத்தது. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் நைனர்ஸை எதிர்த்து நின்றவர்களில் அந்த மக்டஃபியும் ஒருவர். 2023க்குரியதோ டென்வருக்குப் போய், அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போயிற்று. எதற்காக? ஷான் பேட்டன் என்னும் பயிற்சியாளரை விடுவித்து வாங்குவதற்காக. சாண்டா கிளாராவில் ஒரு வாலிபர் வந்து நின்றிருக்கவேண்டிய இடம், கடைசியில் வேறோர் ஊரின் பயிற்சியாளருக்கு விலையாயிற்று! 12ஆவது இடத்தில் நின்றிருந்தால் நைனர்ஸ் பார்சன்ஸைத்தான் எடுத்திருக்கும் என்று நான் வாதாடமாட்டேன். அவரையும் கடந்துபோயிருக்கலாம். ஆனால் மூன்று வாய்ப்புகள் இருந்திருக்கும்.

விலை அதிகமானதில் இன்னொரு கேடும் இருந்தது. லான்ஸுக்கு வேண்டியிருந்தது ஆட்டங்கள். ஆடி, தவறி, கற்றுக்கொள்வதற்குரிய காலம். நைனர்ஸோ இன்றைக்கே கோப்பையை வெல்வதற்காகக் கட்டப்பட்டிருந்த அணி. 2020 பிப்ரவரியில்தான் சூப்பர் பவுல் ஆடித் தோற்றிருந்தார்கள். அப்படிப்பட்ட அணியால் ஒரு 20 வயது வாலிபரின் தவறுகளுக்காகக் காத்திருக்க முடியாது. மூன்று ஆண்டுகளின் விலையைக் கொடுத்துவிட்ட ரசிகர் கூட்டத்தாலும் முடியாது. காலம் தேவைப்படும் ஒருவரை, காலமே மிஞ்சாதபடியான விலைக்கு வாங்கினார்கள். தீர்மானத்தின் உள்முரண் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். முதல் பருவத்தில் லான்ஸ் இரண்டு ஆட்டங்களைத் தொடங்கினார். 2022இல் பொறுப்பு முழுவதும் அவரிடம் கொடுக்கப்பட்டது. முதல் ஆட்டம் சிகாகோவில் கொட்டும் மழையில். இரண்டாவது, செப்டம்பர் 18, நம் ஊரில், சியாட்டிலுக்கு எதிராக. அதன் முதல் கால்பகுதியிலேயே அவர் கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்காக அவரை டாலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். நைனர்ஸ் அணிக்காக அவர் தொடங்கிய ஆட்டங்கள் நான்கு. நன்றாய்க் கவனியுங்கள்: நான்கு.

இந்த நான்கை வைத்துக்கொண்டுதான் "பஸ்ட்" என்கிறோம். தம்மை மூன்றாவது இடத்தில் அழைக்கவேண்டும் என்று அந்த வாலிபர் மனுக் கொடுக்கவில்லை. தம் தலைக்கு மூன்று ஆண்டுகளின் விலையை அவர் குறிக்கவில்லை. அந்தப் பேரம் நடந்தபோது அந்த அறையில் அவருக்கு நாற்காலியும் இல்லை. பேரம் பேசினவர்கள் இன்னும் பதவியில் இருக்கிறார்கள். பட்டப்பெயரைச் சுமப்பவர் மட்டும் அவர். பேரத்தின்மேல் கோபம் இருந்தால், அதைப் பேரம் பேசினவர்கள்மேல் காட்டுவோம். (கல்லூரி அனுமதிக் கடிதங்கள் நம் வீடுகளுக்கு வந்து சேரும் பருவமும் இதுவே. அதைப்பற்றி இன்னொரு வாரம் எழுதுவேன்.)

இனி கடைசிப் பெயர்.

டிராஃப்டின் கடைசி வீரரை "மிஸ்டர் இர்ரெலவன்ட்" என்று அழைக்கும் வழக்கம் 1976இல் தொடங்கியது. பொருட்படுத்தத் தேவையில்லாதவர் என்பது பொருள். தொடங்கியவர் பால் சலாட்டா. அவரே முன்னொரு காலத்தில் நைனர்ஸ் அணிக்கு ஆடியவர். தெற்குக் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சுக்கு அந்த வீரரை அழைத்து, ஒரு வாரம் விருந்து வைத்து, பந்தை நழுவவிடும் உருவம் பொறித்த ஒரு கோப்பையையும் கொடுப்பார்கள். உள்நோக்கம் கேலி அன்று. யாரும் கண்டுகொள்ளாத ஒருவரைக் கண்டுகொள்வதே என்று சொல்லப்படுகிறது. எனினும் அந்தப் பெயர் எனக்கு ஒருபோதும் இனித்ததில்லை.

பர்டி அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு பருவங்கள் ஆடியவர். லான்ஸுக்குக் கிடைக்காதது அதுவே. 2022 டிசம்பர் 4 அன்று, அப்போதைய குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்போலோவின் பாதம் முறிந்தபோது பர்டி களத்தில் இறங்கினார். எதிரணி எது தெரியுமா? மயாமி. அன்று வென்றார். அடுத்த வாரம் அவர் தொடங்கிய முதல் ஆட்டத்தில் பிரேடியின் தாம்பா பே அணியை 35-7 என்று வென்றார். 2023 பருவத்தில் 4,280 கெஜம் எறிந்து அணியின் சாதனையை மாற்றி எழுதினார். சூப்பர் பவுலில் கூடுதல் நேரம்வரை போய் 25-22 என்று தோற்றார்கள். 2025 மே மாதத்தில் அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம்.

"பார்த்தீர்களா, கடைசித் தேர்வு மூன்றாவது தேர்வின் பிழையைச் சரிக்கட்டிவிட்டது" என்று நம் வாலிபர்கள் சொல்கிறார்கள். இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ளேன். அந்த ஆண்டு நைனர்ஸ் பர்டிக்கு முன்பாக எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்தது. அவர் யார் என்பது நிர்வாகத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால், எட்டு முறை அவரைக் கடந்துபோய், மற்ற 31 அணிகளும் அவரைத் தொடாமல் விடும் என்று 262ஆவது பெயர்வரை காத்திருப்பார்களா? அது ஞானம் அன்று, கிடைத்த கொடை. கொடைக்காக நன்றி சொல்லலாம். அதை ஞானத்தின் பேரேட்டில் எழுதினால் அடுத்த முறையும் அதே விலையைத் துணிந்து கொடுப்பார்கள்.

இன்னும் சிலர் ஒருபடி மேலே போகிறார்கள். பர்டி தம் விசுவாசத்தை வெளிப்படையாகப் பேசுகிறவர். அதில் எனக்கு மகிழ்ச்சி. அதனால் அவருடைய உயர்வைத் தேவனே செய்த அற்புதமாகவும், கடைசியானவர்களைக் குறித்து ஆண்டவர் சொன்ன வார்த்தையின் நிறைவேற்றமாகவும் விளக்குகிறார்கள். பிரியமானவர்களே, சற்று நிதானிப்போம். பர்டி களத்தில் இறங்குவதற்கு முன் ஒரு வாலிபரின் கணுக்காலும் இன்னொருவரின் பாதமும் முறியவேண்டியிருந்தது. முதலாவதைத் தேவன் செய்தார் என்று எழுதுகிறவர், இவற்றை யார் செய்தது என்றும் எழுதவேண்டும். எட்டு வாரம் கழித்து, 2023 ஜனவரியில் பிலடெல்பியாவில் பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்து அணி 31-7 என்று தோற்றதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். நான் அப்படி எழுதத் துணியேன். பிரசங்க மேடையிலிருந்தும் சொல்லேன்.

தாவீதின் கதையிலும் நாம் எளிதில் தாண்டிச் செல்லும் பகுதி ஒன்று உண்டு. சாமுவேலின் கண் முதலில் போய் நின்றது எலியாபின்மேல், அவனுடைய உயரத்தின்மேல். தீர்க்கதரிசியின் கண்ணே அப்படியென்றால், ஓட்டவேகத்தையும் கையின் நீளத்தையும் அளந்து பார்க்கும் லிஞ்சின் கண் எம்மாத்திரம்? டிராஃப்டுக்கும் அந்த அதிகாரத்துக்கும் தொடர்பு உண்டென்றால் அது பர்டியிடத்தில் இல்லை; எலியாபை எண்ணெய்க் கொம்போடு நெருங்கிய சாமுவேலிடத்தில் இருக்கிறது.

சரி, இந்த ஆண்டுக்கு வருவோம். பர்டியின் சம்பளம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவாய் இருந்த நாட்கள் முடிந்துவிட்டன. அந்தச் சேமிப்பைக் கொண்டுதான் மற்ற நட்சத்திரங்களுக்கெல்லாம் பணம் கொடுத்தார்கள். இனி குறைந்த சம்பளத்தில் நல்ல வீரர்கள் டிராஃப்டின் வழியாக மட்டுமே வரமுடியும். ஆகவே வரும் ஆண்டுகளின் முதற்சுற்றுத் தேர்வுகளில் ஒன்றையும் அடகு வைக்கலாகாது. எவ்வளவு பிரகாசமான பெயர் முன்னே நின்றாலும் சரி. மூன்றாம் சுற்றுத் தேர்வைப் பந்து உதைப்பவருக்குச் செலவிடுவதும் வேண்டாம். 2023இல் ஜேக் மூடியை அப்படித்தான் எடுத்தார்கள். சூப்பர் பவுலில் 55 கெஜம் உதைத்தவரும் அவரே, கூடுதல் புள்ளிக்கான உதை தடுக்கப்பட்டவரும் அவரே. 2025 செப்டம்பரில் அவரை விடுவித்துவிட்டார்கள். அவரையும் தயவுசெய்து பட்டப்பெயரால் அழைக்காதிருங்கள்.

முதற்சுற்றில் எனக்கு வேண்டியவர் ஓர் ஆஃபென்சிவ் லைன் வீரர்; குவார்ட்டர்பேக்குக்கு முன் மதிலாய் நிற்பவர். 2018இல் மைக் மெக்லின்சியை எடுத்த பின், 2019 முதல் 2025 வரையிலான ஏழு டிராஃப்டுகளில் நைனர்ஸ் முதற்சுற்றில் அந்த இடத்துக்கு ஒருவரையும் எடுக்கவில்லை. இடப்பக்கக் காவலராகிய ட்ரென்ட் வில்லியம்ஸ் பிறந்தது 1988இல். கணக்கை நீங்களே பாருங்கள். மதிலைப் பழையதாக விட்டுவிட்டு, அதன் பின்னே நிற்பவருக்கு 26.5 கோடி கொடுத்திருக்கிறோம்.

நம் வாலிபர்களில் பெரும்பாலோர் பந்து பிடிப்பவர்தான் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் காட்டும் காணொளிகள் அழகானவை; மதிலாய் நிற்பவர்களுக்கு அப்படிப்பட்ட காணொளிகள் அமைவதில்லை. ஞாயிறன்று காப்பி வேளையில் அவர்கள் தங்கள் பட்டியலைக் கொண்டுவரட்டும். என்னுடையதையும் கொண்டுவருகிறேன்.